ஒற்றைச் சேவலுக்கு எதற்கு அடையாளம்?

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேஜைமேல் ஒரு டிபன் கேரியர். அடித்தட்டில் கோழிக் குழம்பு, அதற்கு மேல் வறுவல். மூடியைத் திறந்ததும் மிளகும் சோம்பும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. தென்னூரிலிருந்து என் பழைய அலுவலக நண்பர் செல்வராஜ் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உட்காரக்கூட நேரமில்லாமல் போயிருந்தார்.

என் மனைவி தனம் அப்போதுதான் லால்குடியில் தன் தங்கை வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். எனக்கு மட்டும் இலை போட்டாள். மாசிக் கடைசியில் சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கிவிட்டால் அவள் கவிச்சி தொடமாட்டாள். நமக்காக அம்மனே இருபத்தெட்டு நாள் பட்டினி கிடக்கும்போது, நாம் நாக்கைக் கொஞ்சமாவது கட்ட வேண்டாமா என்பாள்.

அவள் பரிமாறினாள், நான் சாப்பிட்டேன். கறி கொஞ்சம் அழுத்தம்தான். ஆனாலும் ருசி. இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் அவள், கொல்லையில் சேவல் சத்தத்தையே காணோமே என்றாள்.

வாயில் சோற்றோடு நான் இலையைச் சுட்டிக் காட்டினேன். வேடிக்கை என்று நினைத்துத்தான் செய்தேன்.

அவள் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள்ளேயே நின்றது.

"அது கால்ல ஒரு துணி கட்டியிருந்தேனே, அது எங்கங்க?"

"அதோடயே போயிருக்கும். அந்தக் கந்தலை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?"

சரி என்றாள். கேரியரைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். கொல்லைக் குழாயில் தண்ணீர் வழக்கத்தைவிட நெடுநேரம் ஓடியது. மோட்டார் போட்டு ஏற்றிய தண்ணீர் வீணாகிறது என்று சாப்பிட்டபடியே குரல் கொடுத்தேன். குழாய் நின்றது.

இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் என் கோழிகளைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது.

குணம் எழுதும் உத்தியோகம்

என் நெஞ்சுவலியையும் அதற்கு வைத்த ஸ்டென்ட்டையும் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு பொழுது எப்படிப் போயிற்று என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். கோழி வளர்த்தேன். அதுதான் பதில்.

துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், பணியாளர் பிரிவில், முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். ஆள்களைப் பற்றி ரகசியக் குறிப்பு எழுதுவது என் வேலைகளில் ஒன்று. ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒரு தாள். ஒழுங்கு, ஒத்துழைப்பு, சுபாவம், புகார்கள் என்று அதில் கட்டங்கள் இருக்கும். ஓர் ஆள் கதவைத் திறந்து உள்ளே வருவதற்குள் அவன் குணத்தைச் சொல்லிவிடுவேன் என்று கேன்டீனில் பெருமை அடித்துக்கொண்டவன் நான்.

ஸ்டோரில் ஒருவர் இருந்தார். எதற்கும் எதிர்த்துப் பேசமாட்டார். எந்தக் கூட்டத்திலும் கை தூக்கமாட்டார். பதினைந்து வருஷம் தொடர்ந்து அவருக்கு "அமைதியானவர், புகார் இல்லை" என்று எழுதினேன். பணி ஓய்வு விழாவில் மாலை போட்ட பிறகு அவர் மனைவி என்னிடம் வந்து, இனிமேல் சொன்னால் என்ன சார் என்று ஆரம்பித்தார். அவருக்கு ஒரு காது அறவே கேட்காதாம், இன்னொன்று அரைகுறையாம். வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லையாம்.

நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டுக் கேக் சாப்பிடப் போனேன். அந்தச் சம்பவத்தைப் பல வருஷம் சிரிப்புக் கதையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீலம், சிவப்பு, பச்சை

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு கோயில் மதில்களுக்கெல்லாம் வெளியே, மேலூர் போகிற பக்கம் இருக்கிறது. கொல்லையில் ஒரு கொய்யா மரம், ஒரு கிணறு. சுவருக்கு அப்பால் சந்து. அதற்கும் அப்பால் வாழைத்தோப்பு. கோழி வளர்க்க இதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறு ஞாயிறு தனம் சமயபுரம் போய்வந்தாள். வரும்போது ஒரு கூடை. கூடைக்குள் ஒரு குஞ்சு, கால் மட்டும் நீளநீளமாக. எதற்கு இது என்று கேட்டேன். உங்களுக்குப் பொழுது போகட்டும் என்றுதான் என்றாள். நான் நம்பினேன். நம்பாமல் இருக்கக் காரணம் இல்லை.

ஒன்று வந்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்குள் வேறு வேறு சாதியாக நானே நான்கு கோழிகள் வாங்கிச் சேர்த்தேன். பழக்கம் விடுமா? ஒரு நீளமான நோட்டு வாங்கி, கட்டம் போட்டு, கோழிகளுக்கும் ரகசியக் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். தினமும் காலையில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொய்யா மரத்தடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். தனம் காபியை அங்கேயே கொண்டுவந்து கொடுப்பாள்.

முதல் இரண்டும் பண்ணையிலிருந்து வந்த வெள்ளைக் கோழிகள். லெகார்ன் என்பார்கள். தினம் ஒரு முட்டை, தவறாது. ஆனால் பயம் என்றால் அப்படி ஒரு பயம். குக்கர் விசில் அடித்தால் சுவரில் போய் முட்டும். துணி காயப்போட்டால் கத்தும். முட்டையிட்டதும் ஊரைக் கூட்டிவிட்டு, பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. அடைக்கு உட்காருவது என்பதே அவற்றுக்குத் தெரியாது. "உழைப்பு நன்று. மனத்திடம் இல்லை" என்று எழுதினேன்.

அடுத்தது செவலை. சிறுவிடை நாட்டுக்கோழி. சின்ன உடம்பு, சிவந்த பழுப்பு நிறம், எப்போதும் எதையோ சந்தேகப்படுகிற கண். கூண்டு கட்டிக் கொடுத்தும் கொய்யா மரக் கிளையில்தான் தூங்கும். அடைக்கு உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் போக முடியாது. முட்டையை எண்ணப் போய்ப் புறங்கையில் ரத்தம் வரக் கொத்து வாங்கியிருக்கிறேன். "கீழ்ப்படிதல் இல்லை. மேலதிகாரிமீது மரியாதை இல்லை" என்று எழுதினேன். தனம் வாசித்துவிட்டு, அது பிள்ளையைக் காக்குது, உங்களுக்கு எதுக்கு மரியாதை என்றாள்.

நான்காவது, கருங்கோழி. கடக்நாத் என்று வடக்கத்திப் பெயர். இறகு, கால், கொண்டை, நாக்கு எல்லாமே கறுப்பு. சாந்த சொரூபி. தீனிக்கு முண்டாது. மற்றவை தின்று முடித்த பிறகு வந்து இரண்டு கொத்துக் கொத்திவிட்டுப் போகும். கிணற்றோரம் நிழலில் ஒதுங்கி நிற்கும். அதற்கு நான் எழுதியது இப்போதும் நோட்டில் இருக்கிறது. "அமைதி. பிறரோடு தகராறு இல்லை. புகார் இல்லை. முன்மாதிரி."

வெள்ளைகள் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. எந்த முட்டை எதனுடையது என்று குழப்பம். அதனால் காலில் கலர் கலராகத் துணி கட்டிவிடச் சொன்னேன். தனம் பழைய சேலைகளைக் கிழித்து, ஒரு வெள்ளைக்கு நீலமும் இன்னொன்றுக்குச் சிவப்பும் கருங்கோழிக்குப் பச்சையும் கட்டினாள். செவலை காலைக் கொடுக்கவில்லை.

சேவலின் காலில் மஞ்சள் துணி இருந்தது. அது நான் கலர் சொல்வதற்கு முன்பே இருந்தது. கொல்லையில் இருப்பதோ ஒரே ஒரு சேவல், அதற்கு எதற்கு அடையாளம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. நோட்டில் "மஞ்சள்: சேவல்" என்று ஒழுங்காகக் குறித்துக்கொண்டேன். மஞ்சள் சேலை கட்டிய கூட்டம் வருஷா வருஷம் கொள்ளிடப் பாலத்தில் நடந்து போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நேர்ந்துவிட்ட கோழிக்கு என்ன கலர் துணி கட்டுவார்கள் என்று திருச்சியில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

சேவல்மேல் நடவடிக்கை

அது பெருவிடைச் சாதி. சண்டைக்கென்று வளர்ப்பார்களே, அந்த வம்சம். ஒரு வருஷத்தில் என் தொடை உயரம் வந்துவிட்டது. கறுப்பும் செந்தூரமுமாக இறகு. விறைத்த கழுத்து. நடந்தால் தாசில்தார் வருகிற தோரணை.

கோழிகளிடம் அது காட்டிய பரிவு எனக்கு ஆச்சரியம். புழு ஒன்று கிடைத்தால் தான் தின்னாது. கொக் கொக் என்று அழைத்துச் செவலைக்குக் காட்டிவிட்டுத் தள்ளி நிற்கும். தனம் துணி துவைக்கும்போது பக்கத்தில் வந்து நிற்கும். அவள் ஏதோ பேசுவாள், அதுவும் தலையைச் சாய்த்துக் கேட்கும். ஆம்பிளைகளைக் கண்டால் மட்டும் ஆகாது. என்னையே இரண்டு முறை பாய்ந்து உதைத்திருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பட்டாபி சார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். காலையில் கொள்ளிடத்தில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு, யார் மேலும் படாமல் எங்கள் கொல்லைச் சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போவார். ஒருநாள் சேவல் சுவரைத் தாண்டிப் போய் அவர்மேல் பாய்ந்தது. கோழி பட்டுவிட்டது. நான் பதறி ஓடினேன். அதுக்கு நம்ம மேல என்ன விரோதம், போகட்டும், இன்னொரு தரம் தீர்த்தமாடிட்டு வந்துடறேன் என்று சொல்லிவிட்டு மறுபடி ஆற்றுக்கே நடந்தார்.

இரண்டாம் முறையும் அப்படியே நடந்தது. அப்போதும் அவர் கோபப்படவில்லை. மூன்றாம் முறை அவர் ஆடுசதையில் சேவலின் கால்முள் கிழித்து ரத்தம் வழிந்தது. எழுபத்தைந்து வயது மனிதர். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்த அந்த முதுகைப் பார்க்க முடியவில்லை.

அது ஒரு சனிக்கிழமை. தனம் லால்குடி போயிருந்தாள். விசாரணை முடிந்தது, உத்தரவு போட்டேன். செல்வராஜ் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தச் சேவலை ஒரு சமையல் பார்வை பார்ப்பார். போன் செய்ததும் சாக்கோடு வந்துவிட்டார். எல்லாம் பத்து நிமிஷம். தனத்தைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. வீட்டில் நான் எதையும் யாரையும் கேட்டுச் செய்ததில்லை.

மறுநாள் மதியம் அந்தக் கேரியர் வந்தது.

வெயிலில் ஒரு நடை

அந்த வாரம் முழுக்க வீட்டில் முட்டை கிடையாது. ஆம்லெட் கேட்டால், வெயில், கோழி சரியாக இடவில்லை என்றாள். பிறகு பார்த்தால் தவிடு கொட்டிய டப்பாவுக்குள் ஏழு முட்டைகள் பத்திரமாக இருந்தன. சேவல் போவதற்கு முன்னும் போன கையோடும் இட்டவை. செவலை அடைக்கு உட்கார்ந்ததும் அந்த ஏழையும் அதற்கடியில் வைத்தாள். என் நோட்டில் "ஏழு முட்டை, அடை" என்று எழுதினேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிறு, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, தெருப் பெண்கள் இருவரோடு சமயபுரத்துக்குக் கிளம்பினாள். நடந்து. எப்போதும் பஸ்ஸில் போகிறவள். செருப்பில்லாமல் கொள்ளிடப் பாலம் தாண்டி, டோல்கேட் தாண்டி, ஹைவே தார் ரோட்டில். இந்த வயதில் இது என்ன கூத்து, பஸ் ஓடவில்லையா என்று கேட்டேன். அதோடு நின்றிருக்கலாம். ஆத்தாவுக்கே லஞ்சம் கொடுக்கிற ஆளுங்க நீங்க என்றும் சொன்னேன். அது நான் வழக்கமாகச் சொல்லும் கேலிதான்.

சாயங்காலம் வந்து கொல்லைப் படியில் உட்கார்ந்து வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டாள். இரண்டு பாதத்திலும் கொப்புளம். முகம் காகிதமாக வெளுத்திருந்தது. வயிற்றில் என்னவோ பிடித்துக்கொண்டது, வெயில்தான் போல என்றாள். மோர் குடி என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போனேன்.

சித்திரையில் ஆறு குஞ்சு பொரித்தது. பருந்து இரண்டைத் தூக்கியது, பூனை ஒன்றை. மிஞ்சிய மூன்றில் ஒன்று சேவல் குஞ்சு. தினமும் இருட்டுவதற்குள் அந்த ஒன்றை மட்டும் அவளே பிடித்துக் கூடையில் கவிழ்த்து, மேலே கல் வைப்பாள்.

புகார் இல்லை

வைகாசியில் ஒரு காலை, கருங்கோழி கிணற்றோரம் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி நின்றது. கையில் எடுத்தால் கனமே இல்லை. நெஞ்செலும்பு கத்தி மாதிரி விரலில் தட்டுப்பட்டது. துணிப்பையில் போட்டு, ஆட்டோ பிடித்து, இருவருமாக மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் ஒரு இளம்பெண். தூக்கிப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முந்தாநாள் வரை நன்றாகத்தான் இருந்தது, இதுதான் எங்கள் கொல்லையிலேயே அமைதியான கோழி என்று நான் சொன்னேன்.

"அமைதி இல்லைங்க சார், முடியாம இருந்திருக்கு. கோழி நோயை வெளியில காட்டிக்காது. காட்டினா மத்ததுங்க கொத்திடும். நமக்குத் தெரியுறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும்."

தனம் பையின் காதைப் பிடித்தபடி பக்கத்தில்தான் நின்றாள். திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே அது செத்துப்போயிற்று. பாவம், எத்தனை நாளா வச்சுக்கிட்டிருந்துச்சோ என்று மட்டும் சொன்னாள்.

ஆனியில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. அதற்குள் ரவிக்கையெல்லாம் தொளதொளத்திருந்தது. சாப்பாடு பாதியாகி, கால்வாசி ஆகியிருந்தது. ஆத்தா விரதம் முடிந்து எத்தனை நாள் ஆகிறது, நீ இன்னும் முடிக்கவில்லையா என்று நான் கேலி செய்திருக்கிறேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், எவ்வளவு நாளாக வலி என்று கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மாசியிலிருந்து இருக்கு என்றாள். தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி சொன்னாள்.

ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆவணியில் போய்விட்டாள்.

அந்த மூன்று மாதத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, ஜன்னல் பக்கம் படுக்கையைப் போடச் சொன்னாள். தினமும் காலையில் கேட்பாள், அந்தச் சேவல் கூவிச்சா என்று. இல்லை, இன்னும் குஞ்சுதானே என்பேன். ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. நோயாளி ஏதோ பேசுகிறாள் என்று இருந்துவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, விடிகிற நேரத்தில், உடைந்த தொண்டையோடு ஒரு கூவல் கேட்டது. எழுந்து உட்கார்ந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது.

நான் போட்ட கணக்கு

சாமி அலமாரியைச் சுத்தம் செய்யும்போது, சமயபுரத்தாள் படத்துக்குப் பின்னால், நான்காக மடித்த ஒரு முழத் துணி அகப்பட்டது. மஞ்சள் துணி. ஓரத்தில் ஒரு ரூபாய் முடிந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கேரியர் வந்த அந்த ஞாயிறு, கரண்டி நின்றது, குழாயில் தண்ணீர் ஓடியது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தனக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, அதற்காகத்தான் சேவலை நேர்ந்து வளர்த்திருக்கிறாள், அதை நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றிருக்கிறேன்.

நான் கோயில் குளம் என்று அலைகிறவன் இல்லை. ஒரு சேவலால் வயிற்றுக் கட்டி கரையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? ஒரு வருஷம் என்னால் கோழிக்கறி வாசனை தாங்க முடியவில்லை. செல்வராஜ் போன் செய்தால் எடுப்பதில்லை. நோட்டைப் பரணில் தூக்கிப் போட்டேன். கொல்லைக்குத் தீனி போடப் போவேன், வந்துவிடுவேன். புதுச் சேவல் தகப்பனைப் போலவே வளர்ந்தது. அதே கழுத்து, அதே நடை. ஆனால் யார்மேலும் பாயவில்லை. பட்டாபி சார் சுவருக்கு மேலிருந்து அதற்கு அரிசி போடுகிற அளவுக்கு ஆகிவிட்டது. அது சாதுவா, இல்லை அதற்கும் ஏதாவதா என்று நான் தினமும் அதன் நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தேன்.

மல்லிகா சொன்னது

வருஷத் திதிக்குத் தனத்தின் தங்கை மல்லிகா லால்குடியிலிருந்து வந்திருந்தாள். எல்லாம் முடிந்து, பாத்திரம் கழுவக் கொல்லைக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"இன்னும் இதைக் கோயிலுக்குக் கொடுக்கலையா மாமா?"

எதை என்று கேட்டேன்.

"இந்தச் சேவலைத்தான். முதல் சேவல் போனதுக்குப் பதிலா இதை விடுறேன்னு அக்கா சொல்லிச்சே. அதோட வாரிசுதான் வேணும்னு முட்டையை எடுத்து வச்சுச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன். தெரியாது என்றும் சொன்னேன். தனத்துக்காக நேர்ந்தது, அதை நான் கெடுத்துவிட்டேன் என்று ஒரு வருஷமாக வைத்திருந்ததை அப்படியே அவளிடம் கொட்டினேன். மல்லிகா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அக்காவுக்கா? உங்களுக்கு மாமா. உங்களை ஸ்டென்ட் வைக்க உள்ள கொண்டுபோனப்ப வேண்டிக்கிச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டேன். அப்படியானால் என் உயிருக்காக நேர்ந்துவிட்டதை நானே தின்றிருக்கிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் அந்த வயிற்று வலியோடு வெயிலில் நடந்திருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் உங்கள் மனசு சங்கடப்படும், நெஞ்சுக்கு ஆகாது என்று பயந்தாள் என்றாள் மல்லிகா.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"தனக்குன்னு அவ ஒண்ணும் வேண்டிக்கலையா?"

மல்லிகா சேவல் பக்கம் திரும்பினாள்.

"நான் சொன்னேன் மாமா. அழுதுகூடச் சொன்னேன். பழசு பாக்கி இருக்கு, எந்த மூஞ்சியோட புதுசா கேக்குறதுன்னுச்சு. இது கூவட்டும், கொண்டுபோய் விட்டுட்டு, அப்புறமா எனக்குக் கேட்டுக்கிறேன்னுச்சு."

கோயிலில்

அடுத்த ஞாயிறு, படத்துக்குப் பின்னால் இருந்த துணியை எடுத்தேன். சேவல் காலைக் கொடுத்தது. இறுக்காமல் முடிச்சுப் போட்டேன். கூடையில் வைத்து, பஸ்ஸில் ஜன்னலோரம் மடியில் பிடித்துக்கொண்டு போனேன். நடக்கலாம் என்றுதான் நினைத்தேன். நெஞ்சுக்கு ஏதாவது வந்து, அவள் வாங்கிக் கொடுத்த உயிரை நான் வழியில் தொலைத்துவிடக் கூடாது என்று பஸ் ஏறினேன்.

கோயிலில் கோழிகளை வாங்கிக்கொள்கிற ஆள் கூடையைத் திறந்து பார்த்து, நல்ல சேவல் சார் என்றார். துணியை அவிழ்க்க வேண்டுமா என்று கேட்டேன். அது அதோடயே இருக்கட்டும் என்றார். நான் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து சொன்ன அதே வார்த்தை. அவர் வேறு அர்த்தத்தில் சொன்னார்.

கையைக் கழுவிக்கொண்டு வரிசையில் நின்றேன். கூட்டம் நகர நகர என் முறை வந்தது. அம்மன் முகத்துக்கு நேரே நின்றேன். எலுமிச்சை மாலை, மஞ்சள் வாசனை, முன்னால் ஆடும் தீபம். பழைய பாக்கி தீர்ந்தாயிற்று. இனிமேல் புதிதாகக் கேட்கலாம்.

பின்னால் நின்றவர் தோளில் மெதுவாகத் தட்டி, வேண்டிக்கிட்டு நகருங்க சார் என்றார்.

எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. நகர்ந்தேன்.